சொரியாசிஸும் உடலில் வாழும் நுண்ணுயிர்களும்

மனித உடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. 2016ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கீட்டின்படி, வளர்ந்த ஓர் ஆணின் உடலில் உயிரணுக்கள் ஏறத்தாழ 30 லட்சம் கோடி. பாக்டீரியாக்களோ ஏறத்தாழ 38 லட்சம் கோடி. இவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. உணவு செரிக்கவும் நோய் எதிர்ப்பு ஆற்றல் பக்குவமடையவும் துணைபுரிபவை. இவ்வுறவு குலைவதற்கும் சொரியாசிஸ் நோய்க்கும் உள்ள தொடர்பை அறிவியலார் இன்று ஆராய்ந்து வருகின்றனர்.

சித்த மருத்துவத்தார் காளாஞ்சகப்படை எனக் குறிக்கும் இந்நோயில் தோல் சிவந்து தடித்து, வெள்ளிநிறச் செதில்கள் உதிரும். தோலின் உயிரணு அடியில் தோன்றி மேலெழுந்து உதிர்வதற்கு இயல்பாக ஒரு மாத அளவு ஆகும். இந்நோயில் அது ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள் தோலையே தாக்குவதுதான் இதற்குக் காரணம். மரபணுக்கள் இதற்கு இடமளிக்கின்றன. தூண்டுகோலாய் அமைபவற்றுள் பாக்டீரியாவும் ஒன்று.

இதற்குத் தெளிவான சான்று தொண்டையில் கிடைக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் தொண்டைப்புண் கண்ட சிறுவர் சிலருக்கு, இரண்டு மூன்று வாரங்களில் உடலெங்கும் துளித்துளியாகச் சொரியாசிஸ் தோன்றுகிறது. அந்தப் பாக்டீரியாவின் புரதம் ஒன்று தோலிலுள்ள கெரட்டின் புரதத்தை ஒத்திருப்பதால், நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றை மற்றொன்றாகக் கருதித் தாக்குகின்றன என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். தொண்டைப்புண் வரும்போதெல்லாம் சொரியாசிஸ் முற்றும் இயல்புடைய 29 பேரைக் கொண்டு ஐஸ்லாந்தில் ஓர் ஆய்வு நடைபெற்று, 2012இல் வெளியாயிற்று. டான்சில் அகற்றப்பட்ட 15 பேரில் 13 பேருக்கு நோய் கணிசமாகத் தணிந்தது.

தோலிலும் மாற்றம் காணப்படுகிறது. நோயுற்ற இடத்தில் வாழும் பாக்டீரியாக்களின் விகிதம் நலமான தோலில் உள்ளதிலிருந்து வேறுபடுவதை 2008இல் நியூயார்க் ஆய்வாளர் காட்டினர். நோயால் இம்மாற்றம் நேர்ந்ததா, மாற்றத்தால் நோய் வந்ததா என்பது இன்னும் விவாதத்திற்குரியது.

குடல் குறித்து எலிகளிடம் கண்ட ஓர் உண்மை சிந்திக்கத்தக்கது. வளர்ந்த எலிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தபோது சொரியாசிஸ் போன்ற அழற்சி குறைந்தது. பிறந்த பருவத்தில் அதே வகை மருந்தைப் பெற்ற எலிகளுக்கோ, வளர்ந்தபின் அழற்சி மிகுந்தது. 2015இல் வெளியான இம்முடிவு, இளம் பருவத்தில் அமையும் நுண்ணுயிர்ச் சமநிலையின் மதிப்பை உணர்த்துகிறது. படைப்பில் அமைந்த சமநிலையை 'மீஸான்' எனத் திருமறை குறிப்பிடுவது இங்கே நினைவுக்கு வருகிறது.

எனினும் அவசர முடிவுகள் கூடா. டென்மார்க்கில், சொரியாசிஸ் சார்ந்த மூட்டழற்சி கொண்ட 31 பேரிடம் நலமானவரின் குடல் நுண்ணுயிர்களைச் செலுத்தும் சிகிச்சை சோதிக்கப்பட்டது. 2021இல் வெளியான அதன் முடிவுப்படி, போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களுக்கு நன்மை ஏதும் விளையவில்லை. ஆகவே விளம்பரங்களை நம்பி மருத்துவர் தரும் சிகிச்சையைக் கைவிடுவது ஆபத்தானது.

பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டெனில் இந்நோய் பிறருக்குத் தொற்றுமோ என்ற ஐயம் எழலாம். தொற்றாது. தொண்டைப்புண் தொற்றக்கூடும், அதைத் தொடர்ந்து ஒருவரது தோலில் எழும் சொரியாசிஸ் அவரது உடலுக்குள் நிகழும் குழப்பமேயன்றி, மற்றவருக்குப் பரவுவதன்று. 2014இல் உலக சுகாதாரப் பேரவையின் தீர்மானமும் இதனைத் தொற்றா நோயென்றே அறிவித்தது.

முற்காலத்தில் இந்நோயாளிகள் தொழுநோயாளரென்று கருதி ஒதுக்கப்பட்டனர். அந்த அச்சத்தின் எச்சம் இன்றும் மறையவில்லை. ஹவ்ளில் உளூச் செய்யும்போது விலகியமர்வதும், முஸாபஹாவுக்கு நீளும் கையைத் தவிர்ப்பதும், ஸஃப்பில் இடைவெளி விட்டு நிற்பதும் அறியாமையின் விளைவுகளே. நோய்க்கு மருத்துவம் தேடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். தோளோடு தோள் சேர்ந்து தொழுகையில் நிற்கவும் அவர்களே கற்பித்தார்கள். முன்னதை மருத்துவர் உதவியோடு நோயாளி நிறைவேற்றுவார். பின்னதை நிறைவேற்ற வேண்டியவர், அவருக்கு அருகே நிற்பவர்.