வளர்ந்த பின் நீச்சல் கற்போம்: அச்சமும் வெட்கமும் தடையல்ல

 

கடலும் களப்பும் குளமும் சூழ்ந்த நாட்டில் நாம் வாழ்கின்றோம். கல்முனை, காத்தான்குடி, மூதூர், கிண்ணியா, புத்தளம் என நம்மவர் செறிந்து வாழும் ஊர்கள் பலவும் நீரின் ஓரத்திலேயே அமைந்துள்ளன. அப்படியிருந்தும் நீந்தத் தெரியாத வளர்ந்தோர் நம்மிடையே ஏராளம். "இந்த வயதில் இனி என்ன கற்பது?" என்பதே அவர்களில் பலர் கூறும் பதிலாகும். அது சரியான பதில்தானா என்பதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து, பாடசாலை சென்ற மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்ததை நாம் மறந்துவிட முடியாது. அதே 2021இல் உலகெங்கும் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. தத்தளிக்கும் பிள்ளையைக் கண்டதும் நீந்தத் தெரியாத தந்தையும் பாய்ந்துவிடுகின்றார். ஒரு ஜனாஸா எழ வேண்டிய வீட்டில் இரண்டு எழுகின்றன. ஆகவே, நீச்சல் என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. பயனற்ற விளையாட்டாகக் கருதப்படாத காரியங்களுள் நீச்சல் கற்பதும் ஒன்று என்ற கருத்தில் இமாம் நஸாயீ அவர்கள் ஓர் அறிவிப்பைப் பதிவு செய்திருப்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

வளர்ந்தவரைத் தடுப்பவை இரண்டு. முதலாவது அச்சம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமிக்குப் பின்னர் கடலைப் பார்க்கவே அஞ்சியவர்கள் நம் கரையோரங்களில் பலர் இருந்தனர். அவ்வச்சம் கோழைத்தனம் அன்று. உயிரைக் காக்க மனத்தில் எழும் இயல்பான உணர்வே அது. எனினும் நீரின் இயல்பை அறிந்தால் அச்சம் குறையும். நுரையீரல் காற்றால் நிறைந்திருக்கும்போது பெரும்பாலானோரின் உடல் நீரை விடச் சற்று இலேசாகவே இருக்கும். உவர்ப்பான கடல் நீரோ நன்னீரை விட இன்னும் இலகுவாக உடலைத் தாங்கும். அப்படியாயின் நாம் ஏன் மூழ்குகின்றோம்? பயந்தவர் தலையை மேலே தூக்குகின்றார். உடனே கால்கள் கீழே இறங்குகின்றன. கைகளை வெளியே வீசுகின்றார். உடல் மேலும் தாழ்கின்றது. மூச்சு முட்டுகின்றது, பயம் பெருகுகின்றது. ஆகவே நீச்சலின் முதற் பாடம் கையை வீசுவதல்ல, அமைதியாக மிதப்பதே.

இரண்டாவது தடை வெட்கம். சிறுவர்கள் மீன்களைப் போல நீந்தும் இடத்தில் நாற்பது வயதுக்காரர் இடுப்பளவு நீரில் தடுமாறி நிற்பதற்குக் கூச்சப்படுகின்றார். ஈக்வடோரியல் கினியா நாட்டைச் சேர்ந்த எரிக் முசம்பானியின் வரலாறு இவருக்குப் படிப்பினையாகும். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 100 மீற்றர் நீச்சலில் அவர் இறங்கியபோது வயது 22. அவர் நீச்சல் கற்கத் தொடங்கி ஓராண்டு கூட ஆகியிருக்கவில்லை. பயிற்சி பெற்றதோ ஒரு ஹோட்டலின் சிறிய தடாகத்தில். உலகமே பார்த்துக்கொண்டிருக்க, இறுதி மீற்றர்களில் திணறியபோதும் நிறுத்தாமல் 1 நிமிடம் 52.72 விநாடிகளில் கரை சேர்ந்தார். சிலர் நகைத்தனர். அவரோ பயிற்சியைக் கைவிடவில்லை. சில ஆண்டுகளில் அதே தூரத்தை ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரத்தில் கடந்தார். 2012இல் தம் நாட்டு நீச்சல் அணியின் பயிற்றுவிப்பாளராகவும் ஆனார். நகைத்தவர்களின் பெயரை யாரறிவார்?

அன்பர்களே! கற்கும் முறையும் படிப்படியானதே. தகுதிவாய்ந்த பயிற்றுவிப்பாளரின் கண்காணிப்பில், கால் எட்டும் நீரிலேயே தொடங்குங்கள். முதலில் முகத்தை நீரில் வைத்து, வாயாலும் மூக்காலும் மெதுவாக மூச்சை வெளிவிடப் பழகுங்கள். பின்பு மல்லாந்து மிதக்கவும், மிதந்த நிலையிலிருந்து எழுந்து நிற்கவும் பழகுங்கள். அதன் பின்னரே கால் உதைப்பும், கை வீச்சும், இடையில் மூச்செடுத்தலும். ஒரு வாரத்தில் வருவது இன்னொருவருக்கு ஒரு மாதத்தில் வரலாம். நேற்று முகத்தை நனைக்க அஞ்சியவர் இன்று பத்து எண்ணும் வரை மிதந்தால், அதுவே வெற்றி.

நம் தாய்மாரும் சகோதரிகளும் இதிலிருந்து விலக்கப்பட்டவர்கள் அல்லர். பெண் பயிற்றுவிப்பாளரையும் தனியான நேரத்தையும் ஏற்பாடு செய்து கொடுப்பது ஊரின் பொறுப்பாகும். நீரை உறிஞ்சிக் கனக்கும் பருத்தி ஆடையைத் தவிர்த்து, உடலை மறைக்கும் நீச்சல் ஆடையை அணிந்து அவர்களும் கற்கலாம்.

ஓர் எச்சரிக்கையையும் மனத்தில் இருத்துங்கள். துணிவு வேறு, துணிச்சல் காட்டுதல் வேறு. பெருக்கெடுத்த வெள்ளத்திலும் கொந்தளிக்கும் கடலிலும் தேர்ந்த நீச்சல்காரரும் இறங்கலாகாது. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்ற துயரம் வெள்ளத்தின் வலிமையை நமக்கு உணர்த்தியது. ஒருவர் மூழ்குவதைக் கண்டால் உடனே பாயாமல், உதவிக்குக் குரல் கொடுங்கள். கயிறு, நீண்ட தடி, மூடிய வெற்றுக் கலன் போன்றவற்றை அவருக்கு எட்டச் செய்யுங்கள்.

பெற்றோர்களே! தாமும் கற்கும் தந்தையைக் காணும் பிள்ளை நீச்சலை மட்டுமன்றி, எந்த வயதிலும் மாணவனாக நிற்கலாம் என்பதையும் கற்றுக்கொள்கின்றது. எனவே, "இனி என்ன" என்ற சொல்லைக் கைவிட்டு, வரும் விடுமுறையிலேயே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் பாடத்திற்குச் செல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், இருவரும் சேர்ந்தே கற்பீர்கள்.