ஹீட்டரும் வரல, ஏசியும் வரல: வண்டிக்குள் ஃபேன் நின்றுபோனால் என்ன பார்ப்பது?



போன ஐப்பசி மழையில் நம் கூட்டமைப்பு வண்டிக்கு வந்த கோளாறு பற்றியும், அதற்குச் செய்த செலவு பற்றியும் பல குழுக்களிலிருந்து கேட்டிருந்தீர்கள். "கார் ரிப்பேரைப் பத்தி பொம்பளைங்களுக்கு என்ன எழுதறது" என்று எங்களில் ஒருவரே முதலில் கேட்டார். வண்டி நம் பணத்தில் வாங்கியது. ஓட்டுவது நம் உறுப்பினர். வாடகைக்கு எடுப்பதும் பாதி நேரம் நாம்தான். அப்புறம் யார் தெரிந்துகொள்வது? இன்றைக்குப் பல குழுக்களில் கடன் வாங்கி வாடகைக் கார் விடும் சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது உதவும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். மூச்சிரைப்புக்கு ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு பாட்டியை டிஸ்சார்ஜ் செய்து, கோவையிலிருந்து கூட்டி வந்தார்கள். மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி மலைப்பாதையில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. குஞ்சப்பனை வருவதற்குள் முன்கண்ணாடி உட்பக்கம் முழுக்க ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. ஃபேனைப் போட்டால் சத்தமே இல்லை. ஜன்னலை இறக்கினால்தான் கண்ணாடி தெளியும். இறக்கினால் குளிர்காற்று பாட்டி மேல் அடிக்கிறது, இருமல் வந்துவிட்டது. ஏற்றினால் ரோடு தெரியவில்லை. ஓட்டி வந்த தங்கை ஒரு கையில் துணியை வைத்துத் துடைத்துத் துடைத்து, பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வந்து சேர்ந்தார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஸ்டீயரிங் மேலேயே தலையை வைத்துக்கொண்டு அழுதாராம்.

மறுநாள் கடையில் காட்டினோம். "மோட்டார், சுவிட்ச், ரெசிஸ்டன்ஸ் எல்லாம் செட்டா மாத்தணும், ஏசி கேஸும் அடிக்கணும், 9,500 ஆகும்" என்றார்கள். (எந்தக் கடை என்பது வேண்டாம்.) மாதாந்திரக் கூட்டத்தில் இந்தத் தொகையைப் படித்ததும் ஒரே கூச்சல். "எந்நேரமும் ஏசி போட்டு ஓட்டினா கெடாம என்ன செய்யும், அவ சம்பளத்தில பிடிங்க" என்று சிலர் சொன்னார்கள். தீர்மானம் எழுதவும் நோட்டை எடுத்துவிட்டோம். அந்தத் தங்கை மட்டும், "அக்கா, இன்னொரு எலக்ட்ரீசியன்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு எழுதுங்க" என்றார். அப்படியே செய்தோம். அந்த ஆட்டோ எலக்ட்ரீசியன் எங்களையும் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுத்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

ஒரே ஃபேன்தான்

ஹீட்டர் வேலை செய்யவில்லை, ஏசியும் வேலை செய்யவில்லை என்றால் இரண்டு கோளாறு வந்துவிட்டதாக நாம் பயந்துபோகிறோம். கார்களில் பொதுவாக முன்பக்கக் காற்றுக்கு ஒரே ஒரு ஃபேன்தான் உண்டு. மெக்கானிக்குகள் அதை புளோயர் என்பார்கள். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் நம் கால்மாட்டுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு உள்ளே பெரும்பாலும் இருக்கும். அது வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ளுகிறது. போகிற வழியில் இரண்டு காயில். ஒன்றில் எஞ்சினில் சுற்றிவரும் சூடான தண்ணீர் (கூலன்ட்) ஓடும். அதைத் தொட்டு வரும் காற்று வெந்நீர் அண்டா மேல் வரும் காற்று மாதிரி சூடாக வரும். இதுதான் ஹீட்டர். எஞ்சினில் எப்படியும் வீணாகப் போகிற சூடு என்பதால் ஹீட்டருக்காகத் தனியாகப் பெட்ரோல் செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இன்னொரு காயில் ஏசியுடையது, அது குளிர்ந்திருக்கும். ஏசியை ஓட்ட எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும், அங்கேதான் பெட்ரோல் செலவு. ஃபேன் நின்றால் இரண்டு காயிலும் நன்றாக இருந்தும் பயன் இல்லை.

ஆகவே முதல் கேள்வி: காற்று வருகிறதா? காற்று நன்றாக வந்து, குளிர் மட்டும் இல்லையென்றால் ஃபேனைக் குறை சொல்லாதீர்கள். கேஸ், கம்ப்ரஸர் பக்கம் பார்க்க வேண்டும். காற்று வந்து சூடு மட்டும் இல்லையென்றால் கூலன்ட் குறைந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றிருக்கலாம். (எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. வெந்நீர் முகத்தில் பீச்சி அடிக்கும்.) காற்றே வரவில்லை என்றால்தான் ஃபேன். எங்கள் வண்டியில் காற்றே இல்லை. அப்படியிருக்க ஏசி கேஸ் எதற்கு என்று நாங்கள் அப்போதே கேட்டிருக்க வேண்டும், தெரியவில்லை.

1, 2, 3 இல்லை, 4 மட்டும் ஓடுகிறது

இதுதான் அடிக்கடி வரும் கோளாறு. எங்கள் வண்டியிலும் இரண்டு மாதம் முன்பே இப்படித்தான் ஆரம்பித்தது. தங்கை அலுவலகத்தில் வந்து சொன்னார். "4-ல ஓடுதில்ல, ஓட்டும்மா, அடுத்த மாசம் பாப்போம்" என்று அனுப்பிவைத்தவர்கள் நாங்கள்.

வீட்டில் பழைய சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் ஞாபகம் இருக்கிறதா? டப்பா மாதிரி பெரிதாக, தொட்டால் சூடாக இருக்கும். கரன்டைப் பாதி வழியில் தடுத்து, அந்தத் தடுத்த பங்கைச் சூடாக்கி விட்டுவிடும், அதனால்தான் ஃபேன் மெதுவாகச் சுற்றும். வண்டியில் அந்த வேலையைச் செய்வது ரெசிஸ்டர் என்ற சின்னப் பொருள். நம் மெக்கானிக்குகள் ரெசிஸ்டன்ஸ் என்பார்கள். 1, 2, 3 ஆகிய வேகங்களில் கரன்ட் அதன் வழியாகப் போகும். 4-ல் வைத்தால் அதைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போய்விடும். அதனால்தான் ரெசிஸ்டர் எரிந்துபோனால் 4 மட்டும் வேலை செய்கிறது. 4-ல் ஓடுகிறது என்றாலே மோட்டார் சுற்றுகிறது, ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் "மோட்டார் மாத்தணும்" என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். (தானியங்கி ஏசி உள்ள புது வண்டிகளில் ரெசிஸ்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் பாகம் இருக்கும், அதன் விலையே வேறு.)

இன்னொரு விஷயம் எங்களுக்குப் புதிதாக இருந்தது. ரெசிஸ்டர் சூடாகும் பொருள் என்பதால் அதை ஃபேன் காற்று போகும் வழியிலேயே மாட்டியிருக்கிறார்கள். காற்று பட்டு ஆறிக்கொண்டே இருக்கும். காற்றுவழியில் குப்பை அடைத்தால் அது ஆறாது, எரிந்துவிடும். ஃபேன் இறுக்கமாகச் சுற்றினால் மோட்டார் அதிகக் கரன்டை இழுக்கும், அப்போதும் எரியும். ஆகவே ரெசிஸ்டரை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் சில மாதத்தில் மறுபடி அதே செலவு. எரிந்தது ஏன் என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

எந்த நம்பரிலும் ஓடவில்லை

எங்கள் வண்டி அந்த இரவில் இந்த நிலைக்கு வந்துவிட்டது. முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு பெட்டி, பானெட்டுக்குள் ஒரு பெட்டி என்று இருக்கும். மூடியின் உட்புறத்திலோ வண்டிப் புத்தகத்திலோ எது எதற்கு என்று போட்டிருக்கும். சாவியை எடுத்துவிட்டு ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே உள்ள சின்னக் கம்பி அறுந்திருந்தால் போய்விட்டது. பட்டையான ஃபியூஸ்களில் நிறத்தை வைத்தே அளவு தெரியும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, நிறமில்லாதது 25, பச்சை 30. எந்த அளவு இருந்ததோ அதே அளவுதான் போட வேண்டும். அவசரத்துக்கு சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிப் போடுவதும், பெரிய ஃபியூஸ் போடுவதும் நம் பக்கத்தில் சகஜம். தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபியூஸ் அறுவதே வயர் எரியாமல் இருக்கத்தான். புது ஃபியூஸும் உடனே போனால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் எலக்ட்ரீசியனிடம் போங்கள்.

ஃபியூஸ் நன்றாக இருக்கிறதா? சாவியை ஆன் செய்து 4-ல் வைத்து, டேஷ்போர்டுக்குக் கீழே மோட்டாரின் அடிப்பக்கத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். தட்டினதும் சுற்ற ஆரம்பித்தால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இது மிக்சியில் வருகிற அதே கோளாறுதான். 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த விலையில்லா மிக்சியைத் தட்டித் தட்டி ஓட்டாத வீடு உண்டா! தட்டி ஓடுவது ஊர் போய்ச் சேரும் வரைக்கும்தான், அடுத்த நாளே காட்டிவிட வேண்டும்.

அதற்குமேல் ஒரு சின்ன சோதனை. 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டிக்கொள்ளுங்கள். மோட்டாருக்கு வரும் கப்ளரைக் கழற்றி, ஃபேனை 4-ல் வைத்து, வயர் வரும் பக்கத்து கப்ளரின் இரண்டு முனையிலும் பல்பைத் தொடுங்கள். நன்றாக எரிந்தால் கரன்ட் வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது. எரியவில்லை என்றால் மோட்டார் மேல் பழி இல்லை. அப்போது பல்பின் ஒரு வயரை பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் வைத்து, மறு வயரால் கப்ளர் முனைகளை ஒவ்வொன்றாகத் தொடவும். இப்போது எரிந்தால் கரன்ட் வருவது சரி, திரும்பிப் போகிற வழியில் தடை: எர்த் வயர் பார்க்க வேண்டும், சில வண்டிகளில் சுவிட்சும் அந்த வழியில்தான் இருக்கும். இப்போதும் எரியவில்லையென்றால் ரிலேயைப் பாருங்கள். அதே நம்பர் போட்ட இன்னொரு ரிலே பெட்டியில் இருந்தால் மாற்றிப் போட்டாலே தெரிந்துவிடும். மஞ்சள் நிற வயர், மஞ்சள் கப்ளர் கண்ணில் பட்டால் மட்டும் கை வைக்க வேண்டாம். அது பெரும்பாலும் ஏர்பேக்குடையது.

கப்ளரைக் கழற்றும்போது பிளாஸ்டிக் உருகிக் கருத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கருத்த கப்ளரில் புது ரெசிஸ்டரை மாட்டினால் அதுவும் கருகும்.

எங்கள் வண்டியில் என்ன இருந்தது?

எலக்ட்ரீசியன் மோட்டாரைக் கழற்றித் தரையில் கவிழ்த்தார். சில்வர் ஓக் இலைகள்! மக்கிப்போய், ஈரமாக, ஒரு கைப்பிடிக்கு மேல். ஃபேன் சக்கரத்தில் சிக்கிச் சக்கரத்தையே இறுக்கிப் பிடித்திருந்தன. முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பக்கத்தில் கம்பிவலை மாதிரி ஒரு திறப்பு இருக்கிறதே, வெளிக்காற்று அதன் வழியாகத்தான் போகிறது. இலையும் அதே வழி. எங்கள் வண்டியில் ஏசி ஃபில்டர் வைக்க இடம் மட்டும் இருந்தது, ஃபில்டர் இல்லை. இலை நேராக ஃபேனுக்குப் போய், ஃபேன் இறுகி, முதலில் ரெசிஸ்டர் எரிந்து, 4-லேயே ஓட்ட ஓட்டக் கடைசியில் ஃபியூஸும் அறுந்திருக்கிறது. மோட்டாரைச் சுத்தம் செய்து நேராக பாட்டரியில் கொடுத்தார், ஜம்மென்று சுற்றியது.

சரி, இலை எப்படி வந்தது? இரவில் வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, அலுவலக வாசலில் மரத்தடியில்தான் நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டவர்கள் நாம். ஏசி போட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த கூட்டத்தில் அந்த இலைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டுபோய் மேஜையில் கொட்டினோம். சம்பளத்தில் பிடிக்கச் சொன்ன ஒரு அக்கா எழுந்து அந்தத் தங்கையிடம், "தப்பா பேசிட்டேன் கண்ணு" என்றார். தங்கை ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். நாங்களும் கூட்டத்திலேயே மன்னிப்புக் கேட்டோம். இரண்டு மாதம் முன்பு அவர் வந்து சொன்னது எந்த நோட்டிலும் இல்லை என்பதுதான் எங்களுக்கு இன்னும் உறுத்துகிறது.

மொத்தச் செலவு ரெசிஸ்டர், கப்ளர், ஃபியூஸ், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய். வவுச்சர் கோப்பில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். வண்டி இப்போது எதிர்ப்பக்கம் தகரக் கொட்டகையில் நிற்கிறது. வைப்பர் பக்கத்துத் திறப்பை வாரம் ஒருமுறை கையால் கூட்டி எடுத்துவிட வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் ஃபில்டரைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

மழையில் கண்ணாடி ஆவி படிந்தால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று வரும்படி வைத்து, ஏசி இருந்தால் அதையும் போடுங்கள். குளிருக்கு ஏசியா என்று கேட்காதீர்கள். ஏசி காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துவிடும். கூடவே ஹீட்டரையும் வைத்தால் குளிராது, கண்ணாடி சீக்கிரம் தெளியும். ஃபேனே இல்லாவிட்டால் இரண்டு பக்க ஜன்னலையும் இரண்டு விரல் இறக்கி, ஓரமாக நிறுத்தித் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

வண்டிப் பதிவேட்டில் இந்த மாதத்திலிருந்து "ஓட்டுநர் சொன்ன குறை, தேதி, யார் கேட்டது" என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். எரிந்த பழைய ரெசிஸ்டர் அலுவலக அலமாரியில் இருக்கிறது. கூட்டத்துக்கு வரும்போது எடுத்துப் பாருங்கள், தீப்பெட்டி அளவுதான் இருக்கும்.