சன்ரூப் வேணுமா, ஏ.பி.எஸ். வேணுமா? தொப்பூர் இறக்கத்தில் கை கொடுப்பது எது... டிரைவர்கள் போடும் கணக்கு

தர்மபுரி:

கார் வாங்க ஷோரூமுக்கு போனால் முதலில் காட்டுவது டி.வி. மாதிரி பெரிய ஸ்கிரீன். அடுத்து பட்டனை அமுக்கினால் திறக்கும் சன்ரூப். "டாப் மாடலாவே எடுத்துடுங்க சார், மாசம் கொஞ்சம்தான் கூட வரும்" என்பார்கள்.

அந்த கொஞ்சம் எவ்வளவு? சின்ன எஸ்.யூ.வி. ரக கார்களில் பேஸ் மாடலுக்கும் டாப் மாடலுக்கும் 3 லட்சம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருவது இப்போது சாதாரணம். 3 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 5 வருட கடனாக போட்டால் மாதம் சுமார் 6 ஆயிரத்து 370 ரூபாய் கூட கட்ட வேண்டும். 5 வருடத்தில் வட்டி மட்டும் 82 ஆயிரம் ரூபாயை தாண்டி விடும். சவாரி ஓட்டி டியூ கட்டுகிறவருக்கு இது சின்ன காசு இல்லை.

அப்படியானால் எந்த வசதிக்கு காசு கொடுக்கலாம், எது வீண்? இதை கார் ஸ்டாண்டில் போய் கேட்டால் பேச்சு எங்கெங்கோ சுற்றி கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. தொப்பூர் கணவாய்.

கணவாய் சொல்லும் பாடம்

பெங்களூரு-சேலம் தேசிய நெடுஞ்சாலையில் பாளையம் சுங்கச்சாவடியை தாண்டி சேலம் பக்கம் போனால் ரோடு மலையில் இருந்து இறங்க ஆரம்பிக்கும். இறக்கம், அதிலேயே வளைவு, அப்புறம் இரட்டை பாலம். பழைய ஆட்கள் இன்னும் என்.எச்.7 என்றுதான் சொல்கிறார்கள். இப்போது அது என்.எச்.44.

2020 டிசம்பர் 12-ந்தேதி இந்த இறக்கத்தில் சிமெண்ட் லோடு ஏற்றி வந்த லாரி கட்டுப்பாட்டை இழந்து முன்னால் இருந்த வண்டிகள் மீது மோதியது. பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் நொறுங்கின. 4 பேர் பலியானார்கள். 2024 ஜனவரி 24-ந்தேதி இரட்டை பாலம் பகுதியில் மறுபடியும் லாரிகளும் கார்களும் மோதி தீப்பிடித்தன. அதிலும் 4 பேர் உயிர் போனது. அந்த கண்காணிப்பு கேமரா காட்சியை செல்போனில் பார்க்காத டிரைவர் இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டார்.

பின்னால் லோடு லாரி பிரேக் பிடிக்காமல் வந்தால் எந்த டாப் மாடல் காரும் தாங்காது. இதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கே ஓட்டி பழகியவர்கள் முன்னால் டிராபிக் நிற்பதை பார்த்ததும் 4 இண்டிகேட்டரையும் போட்டு விட்டு, முன் வண்டியோடு ஒட்டாமல், ஒதுங்க இடம் வைத்து நிறுத்துகிறார்கள். கண் முழுக்க பின் கண்ணாடியில். இந்த வசதி எல்லா காரிலும் இருக்கிறது. காசு கூட இல்லை.

நியூட்ரல் என்ற எமன்

இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் என்று ஒரு நினைப்பு லாரிக்காரர்களிடம் மட்டும் அல்ல, கார்காரர்களிடமும் இருக்கிறது. இப்போதைய இஞ்செக்சன் என்ஜின்களில் இது தப்பு கணக்கு. கியரில் வைத்து ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், வண்டி தானாக உருளும்போது என்ஜினுக்கு எரிபொருள் போவதே நின்று விடும். நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்க எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும். ஆக மிச்சமும் இல்லை, பிடிமானமும் இல்லை.

என்ஜினையே ஆப் பண்ணி விட்டு உருட்டினால் இன்னும் மோசம். பிரேக்கை லேசாக்கி கொடுக்கும் பூஸ்டர் இரண்டு மூன்று மிதியில் காலியாகி, பெடல் கல்லு மாதிரி ஆகி விடும். பவர் ஸ்டீயரிங்கும் வேலை செய்யாது.

பிரேக்கையே விடாமல் மிதித்துக்கொண்டு வந்தாலும் டிரம், டிஸ்க் சூடேறி பிடிப்பு குறையும். 3-வது கியர், தேவைப்பட்டால் 2-வது. என்ஜினே வண்டியை இழுத்து பிடிக்கும். ஆட்டோமேட்டிக் கார் வாங்குகிறவர்கள் கியரை கையால் மாற்றுகிற மேனுவல் மோடோ, 'எல்' என்ற இடமோ இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஷோரூமில் யாரும் இதை எடுத்து சொல்வது இல்லை. தொப்பூரை வாரம் இரண்டு தடவை இறங்குகிறவருக்கு சன்ரூப்பை விட இது முக்கியம்.

எலெக்ட்ரிக் காரில் இன்னொரு கூத்து. இறக்கத்தில் மோட்டாரே வண்டியை பிடித்து, அந்த சக்தியை பேட்டரிக்கு கரண்டாக திருப்பி அனுப்பும். ஆனால் பேட்டரி புல் சார்ஜில் இருந்தால் வாங்கிக்கொள்ள இடம் இருக்காது, அந்த பிடிப்பும் குறைந்து விடும்.

ஏ.பி.எஸ். இனி ஆப்ஷன் இல்லை

ஒரு காலத்தில் ஏ.பி.எஸ். பிரேக் பணக்கார கார் சமாச்சாரம். 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் அது கட்டாயம். அதே வருடம் ஜூலை 1-ந்தேதி முதல் டிரைவருக்கு ஏர்பேக், சீட் பெல்ட் போடாவிட்டால் கத்தும் அலாரம், 80 கிலோ மீட்டரை தாண்டினால் பீப் சத்தம், ரிவர்ஸ் சென்சார் எல்லாம் கட்டாயம் ஆனது. முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கும் ஏர்பேக் வேண்டும் என்பது 2021-ல் வந்தது.

அதாவது உயிர் காக்கும் பெரும்பாலான விஷயங்கள் பேஸ் மாடலிலேயே வந்து விட்டன. கூடுதலாக கொடுக்கும் லட்சங்களில் பெரும் பகுதி சொகுசுக்குத்தான் போகிறது. விதிவிலக்காக ஒன்றை சொல்லலாம். வளைவில் வண்டி வழுக்கி சுழலாமல் தனித்தனி சக்கரத்துக்கு பிரேக் போடும் இ.எஸ்.சி. இது சில கார்களில் மேல் மாடலில் மட்டும் கொடுக்கிறார்கள். மலை ரோட்டில் ஓட்டுகிறவர்கள் காசு கொடுக்கலாம். பக்கவாட்டு ஏர்பேக்கும் அப்படித்தான். 6 ஏர்பேக்கை கட்டாயம் ஆக்கும் யோசனையை மத்திய அரசு கடைசியில் விட்டு விட்டாலும், பல கம்பெனிகள் கீழ் மாடலிலேயே அதை கொடுக்க தொடங்கி விட்டன.

ஏ.பி.எஸ். இருந்தும் அதை உபயோகிக்க தெரியாதவர்கள் நிறைய பேர். அவசரத்தில் பெடலை முழு பலத்தோடு மிதித்து அப்படியே வைத்திருக்க வேண்டும். காலுக்கு அடியில் கடகடவென்று அதிரும். அதை பார்த்து பயந்து காலை எடுக்கக்கூடாது. அந்த அதிர்வுதான் அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். சக்கரம் லாக் ஆகாததால் ஸ்டீயரிங்கை திருப்பி தப்பிக்க முடியும். பழைய அம்பாசடரில் பழகிய கால்களுக்கு விட்டு விட்டு மிதிக்கும் பழக்கம் போகவில்லை.

50 ரூபாய் கிளிப்பும் ஏர்பேக்கும்

நம்ம ஊர் கார்களில் உள்ள மிக மோசமான 'வசதி' எது என்று கேட்டால், அலாரம் கத்தாமல் இருக்க பெல்ட் மாட்டும் இடத்தில் சொருகி வைக்கும் கிளிப்தான். ஏர்பேக் என்பது பெல்ட்டுக்கு துணை. பெல்ட் உடம்பை பிடித்து வைத்தால்தான் பை ஏந்திக்கொள்ளும். பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்ந்தால், கண் சிமிட்டுவதற்குள் வெடித்து விரியும் அந்த பையே முகத்தில் அறையும். இந்த கிளிப்பை விற்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் 5 ஆன்லைன் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. அப்படியும் கிளிப் மாட்டிய கார்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

பின்சீட்டுக்கு பெல்ட் எதற்கு என்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2022 செப்டம்பர் 4-ந்தேதி மராட்டிய மாநிலம் பால்கர் அருகே நடந்த விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலை உயர்ந்த வெளிநாட்டு கார். பின்சீட்டில் இருந்த 2 பேர் பெல்ட் போடவில்லை என்று போலீசார் கூறினார்கள். அந்த 2 பேரும் இறந்தார்கள். முன்சீட்டில் இருந்த 2 பேர் உயிர் பிழைத்தார்கள்.

முன்னால் பம்பர் கம்பி மாட்டுவதும் இதே ரகம். ஆட்டை இடித்தாலும் கார் தப்பிக்கும் என்று மாட்டுகிறார்கள். மோதலின் வேகத்தை உணர்ந்து ஏர்பேக்கை திறக்க சொல்லும் சென்சார் கணக்கை அந்த கம்பி மாற்றி விடும். நடந்து போகிறவருக்கும் அது எமன். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் இதற்கு எதிராக நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதி விட்டது. பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள் இருக்கிற காரில் ரெக்சின் கவரை இறுக்கி தைப்பதும் தப்பு. பை வெளியே வர வழி இருக்காது.

டிரைவர்கள் ஓட்டு போடும் வசதிகள்

வத்தல்மலை, சித்தேரி பக்கம் பனி நாளில் போனால் முன்னால் பால் ஊற்றின மாதிரி இருக்கும். ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பும். தாழ்வாக, ரோட்டை ஒட்டி அடிக்கும் பாக் லைட் அப்போதுதான் அருமை தெரியும்.

ஹில் ஹோல்டு வசதி மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது இரண்டு மூன்று வினாடி வண்டியை பின்னால் உருள விடாமல் பிடிக்கும். கொண்டை ஊசி வளைவில் பஸ்சுக்கு வழி விட்டு நிற்கிற புது டிரைவருக்கு நல்லது. அனுபவசாலிகள் ஹேண்ட் பிரேக்கிலேயே சமாளிக்கிறார்கள். ஆனால் இது ஏறுவதற்கு மட்டும்தான், இறக்கத்தில் வேகத்தை குறைக்காது. பலர் இதை குழப்பிக்கொள்கிறார்கள்.

உயரம் கூட்டி குறைக்கும் டிரைவர் சீட்டை யாரும் பெரிதாக பேசுவது இல்லை. பெங்களூரு ஏர்போர்ட் சவாரி போய் திரும்பும் டிரைவரின் இடுப்பை கேட்டால் தெரியும். பின்சீட் ஏ.சி. துவாரமும் சவாரிக்காரர்கள் கேட்டு வாங்குகிற ஒன்று. ரிவர்ஸ் கேமரா, வாசலில் குழந்தைகள் விளையாடும் வீடுகளுக்கு கட்டாயம் வேண்டும். சென்சார் சத்தம் மட்டும் போதாது.

பின் கண்ணாடி வைப்பர் செங்குத்தாக பின்பக்கம் இருக்கும் ஹேட்ச்பேக், எஸ்.யூ.வி.க்கு தேவை. ஓடும்போது காற்று சுழன்று சேற்றை கண்ணாடியில் அப்பி விடும். டிக்கி நீண்ட கார்களுக்கு அவசியம் இல்லை. குரூஸ் கண்ட்ரோல் கிருஷ்ணகிரி வரை நேர் ரோட்டில் சுகம். கணவாயில் ஆப் செய்து விட வேண்டும்.

காசுக்கு கேடு

சன்ரூப்புக்கு இங்கே ஆதரவே இல்லை. வெயில் 40 டிகிரியை தொடும் ஊரில் உச்சி மண்டைக்கு மேல் கண்ணாடி எதற்கு? ஒகேனக்கல் ரோட்டில் குழந்தைகளை அதில் நிற்க வைத்து ஓட்டுகிறார்கள். ஒரு பிரேக் போட்டால் போதும், சொல்லவே வேண்டாம்.

அலாய் வீல் அழகுதான். கிராமத்து குழியில் இறங்கினால் விரிசல் விடும். இரும்பு ரிம் நெளிந்தால் தட்டி எடுத்து விடலாம். பெரிய ஸ்கிரீன், தானாக துடைக்கும் வைப்பர், பட்டன் ஸ்டார்ட் எல்லாம் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். கருப்பு பிலிமுக்கு 2012-ல் சுப்ரீம் கோர்ட்டே தடை போட்டது. முன், பின் கண்ணாடி 70 சதவீதம், பக்க கண்ணாடி 50 சதவீதம் வெளிச்சம் விட வேண்டும்.

பழைய கார் எடுப்பவர்கள் கவனத்துக்கு

நம்மில் பெரும்பாலானவர்கள் வாங்குவது செகண்ட் ஹேண்ட் கார்தான். 2019-க்கு முந்தைய கார் என்றால் புரோக்கர் "புல் ஆப்ஷன்" என்பார். அலாய் வீல், ஸ்கிரீன், சீட் கவர் எல்லாம் முந்தைய ஓனர் வெளியே மாட்டியதாக இருக்கும். ஏ.பி.எஸ்., ஏர்பேக் இருக்காது. 'மாடல் என்ன' என்று கேட்டால் போதாது, 'எந்த வேரியண்ட்' என்று கேட்க வேண்டும்.

இருக்கிறது என்றால் சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் பண்ணாமல் மீட்டரை பாருங்கள். ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் சில வினாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. முதலில் எரியவே இல்லை என்றால் இன்னும் சந்தேகம். விபத்தில் ஏர்பேக் வெடித்த பிறகு புதுசு போடாமல், விளக்கை மட்டும் துண்டித்து விட்டு விற்கிற வேலையும் நடக்கிறது.

அப்படியே டயர் பக்கம் குனிந்து பாருங்கள். ஓரத்தில் 4 இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் பளபளப்பாக இருந்தாலும் வயசான ரப்பர் மழையில் பிடிக்காது. டயர் பிடிக்காவிட்டால் ஏ.பி.எஸ். இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஸ்டெப்னியையும் மறக்காமல் கழற்றி எண்ணை பார்த்து விடுங்கள். நல்ல டயரை ஸ்டெப்னியாக மாட்டி வைத்து யாரும் கார் விற்பது இல்லை.