சின்னமலை வழியில் காட்டுமலர்கள்

நந்தனம் என்ற சொல்லுக்குப் பூந்தோட்டம் என்று பொருள். அந்தப் பெயர் கொண்ட இடத்தில் குடியிருக்கும் நாம், தானாக முளைத்த ஒரு பூவை நின்று பார்த்து எத்தனை நாளாயிற்று? எங்கள் அன்பியக் கூட்டத்தில் இந்தக் கேள்வி விளையாட்டாகத்தான் எழுந்தது. அதன் பிறகு, தவக்காலச் சனிக்கிழமைகளில் காலைத் திருப்பலி முடிந்ததும் சின்னமலைத் திருத்தலம் வரை நடந்து செல்வது என்று முடிவு செய்தோம். மூன்று கிலோமீட்டருக்குள் உள்ள தூரம்தான். சைதாப்பேட்டையைக் கடந்து, அடையாற்றுப் பாலம் ஏறி இறங்கினால் சின்னமலை.

வசந்தகாலம் என்றதும் பனி உருகிய புல்வெளியை நினைக்கிறோம். அது மேல்நாட்டுப் படம். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் தரையிலுள்ள சிறு செடிகள் பூக்கத் தொடங்குகின்றன. தை, மாசியில் நிறைந்து நின்று, பங்குனி வெயிலில் காய்ந்துபோகின்றன. அவை ஓயும்போது மரங்களின் முறை வருகிறது. புங்கம் பொரி இறைத்ததுபோல் நடைபாதையெங்கும் பூ உதிர்க்கும். வேம்பு மணக்கும். சித்திரை பிறந்தால் கொன்றை. தவக்காலம் சரியாக இந்த மாற்றத்தின் நடுவில் வந்து அமைகிறது.

வழியில் நாங்கள் கண்டவற்றில் பெரும்பாலானவை நீங்களும் தினமும் மிதித்துச் செல்பவைதான். சுற்றுச்சுவர் ஓரத்தில் மஞ்சள் நடுவும் வெளிர் இதழுமாக நிற்பதைப் பிள்ளைகள் மூக்குத்திப்பூ என்பார்கள். பெரியவர்களுக்கு அது வெட்டுக்காயப் பூண்டு. அமெரிக்காவின் வெப்பநாடுகளிலிருந்து வந்த செடி, பஞ்சு வைத்த விதையால் காற்றில் பறந்து ஊரெங்கும் பரவிவிட்டது. அடுத்தது தும்பை. வேட்டியின் வெண்மைக்கு நாம் சொல்லும் உவமையே அதுதான். பூவைப் பிடுங்கி அடியை உறிஞ்சினால் ஒரு துளி தேன் கிடைக்கும். எங்களோடு வந்த பாட்டி ஒருவர் இதைச் செய்துகாட்டியபோது, கைப்பேசியை மறந்து நின்ற பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமே! நெருஞ்சியின் மஞ்சள் பூவைக் கண்டால் செருப்பைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. துத்தி மட்டும் காலையில் ஏமாற்றியது. அது பிற்பகலுக்கு மேல்தான் விரியும். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போகும் வழியில்தான் அதைப் பூவாகப் பார்த்தோம்.

பாலத்தருகே எருக்கு. ஆடு மாடு தொடாத அந்தச் செடியின் இலையில்தான் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்கிறது. எருக்கம்பாலின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதை உண்ணத் தயங்கும். அந்தப் புழுவைத் தேடியே அரைமணி நேரம் போயிற்று. இவ்விடத்தில் முதன்முதலில் 1726-இல் பாலம் கட்டியவர் அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். பரங்கிமலைப் படிகளை அமைத்தவரும் அவரே.

பண்டைத் தமிழர் இவற்றைக் களை என்று ஒதுக்கவில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் தும்பையும் ஆவிரையும், கடற்கரை மணலில் படரும் அடும்பும் உண்டு. நம்மில் எத்தனை பேரால் ஒன்பது சொல்ல முடியும்?

மலைப்பொழிவில் ஆண்டவர் காட்டுமலர்களைக் கவனிக்கச் சொன்னதையும், இன்றிருந்து நாளை அடுப்பில் எறியப்படும் புல் என்று அவற்றைக் குறித்ததையும் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நாளை என்ற சொல்லை வெறும் அணியாகவே நாங்கள் எண்ணியிருந்தோம். ஆனால் கலிலேயாவிலும் குளிர்கால மழைக்குப் பின்னரே குன்றுகள் பூக்கின்றன. கோடை தொடங்கியதும் எல்லாம் சருகாகின்றன. விறகு அரிதான ஊரில் அந்தச் சருகே அடுப்பெரிக்க உதவியது. கேட்டவர்களுக்கு அது கண்முன் நடந்த காரியம். மாசியில் தும்பை நின்ற இடத்தைப் பங்குனியில் பார்த்த எங்களுக்கும் அது அப்படியே புரிந்தது.

இனி ஒரு வருத்தம். எங்களுக்குத் தெரிந்த ஓர் ஆலய வளாகத்தில் திருவிழாவுக்கு முன் செடிகொடிகளை வழித்தெடுத்து, சுவர் வரை சிமெண்டுக் கற்கள் பதித்தார்கள். சேற்றில் வழுக்கி விழுந்த முதியவர்களை நினைத்துச் செய்த வேலை அது. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மழைநீர் இறங்க மண் இல்லை, வண்ணத்துப்பூச்சிக்கு இலையும் இல்லை. தம் துறவு இல்லத் தோட்டத்தில் ஒரு பகுதியைக் காட்டுப்பூக்களும் மூலிகைகளும் வளர அப்படியே விட்டுவைக்குமாறு அசிசி நகர் புனித பிரான்சிஸ் கேட்டுக்கொண்டதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் நினைவுகூர்கிறார். முழுத் தோட்டத்தையும் அவர் கேட்கவில்லை, ஒரு பகுதியைத்தான். நடைபாதைக்குக் கல், சுவரோரம் மண் என்று இரண்டுக்கும் இடம் இருக்கிறது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

அந்த வளாகத்திலும் கெபிக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு மண் மிஞ்சியிருக்கிறது. கல் போதாமல் விட்டார்களாம். கடைசிச் சனிக்கிழமை அங்கே எட்டிப் பார்த்தோம். மூன்று தும்பைச் செடிகள், இரண்டு காய்ந்துவிட்டன, ஒன்றில் இன்னும் பூ இருந்தது.