கரீபியன் கடற்பிரயாணமும் பகற்கொசுவும்

மியாமித் துறைமுகத்தில் கப்பல் ஏறி, ஏழு இரவுகள் கடலில் கழித்து, கரீபியன் தீவுகளில் மூன்று நான்கைக் கண்டு திரும்பும் உல்லாசப் பிரயாணம், அமெரிக்காவில் குடியேறிய நம்மவர் குடும்பங்களுக்கும், அவர்களைப் பார்க்க இங்கிருந்து போகும் பெற்றோருக்கும் இன்று எட்டாத விஷயம் அன்று. பயணச் சீட்டு வாங்குமுன் கடற்குமட்டலைப் பற்றி விசாரிக்கிறோம்; சைவ உணவு கிடைக்குமா என்று கேட்கிறோம்; புயற்காலத்தைத் தவிர்க்கவும் பார்க்கிறோம். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா ஆகிய மூன்று வைரஸ் நோய்களையும் ஒரே கொசு சுமந்து திரியும் பிரதேசத்துக்குப் போகிறோம் என்ற நினைவு மட்டும் அநேகருக்கு வருவதில்லை. அந்த நினைவு வந்தவர்களிலும் சிலர் அளவுக்கு மீறிப் பயந்து பயணத்தையே கைவிடுகிறார்கள். சிலரோ, ஊரில் பார்க்காத கொசுவா என்று அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். யார் போகிறார், எந்த மாதத்தில், எந்தத் துறைமுகங்களுக்கு, கரையில் பொழுதை எப்படிக் கழிக்கப்போகிறார் என்ற நான்கு கேள்விகளுக்கும் நேர்மையாக விடை தேடினால், பயத்துக்கும் அலட்சியத்துக்கும் இடம் இராது.

கப்பல் ஏறி வந்த கொசு

ஏடிஸ் எஜிப்டி என்னும் இந்தக் கொசு அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடி அன்று. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் முட்டையாகவும் புழுவாகவும் இருந்து அட்லாண்டிக்கைக் கடந்து வந்ததென்பது ஆராய்ச்சியாளர் துணிபு. இக்கொசு தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. பீப்பாய் காலியாகி உலர்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி நீர் நிரம்பியதும் பொரித்துவிடும் ஆற்றல் உடையவை. நீண்ட கடற்பிரயாணத்துக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேறென்ன வேண்டும்?

கொசுவின் பின்னாலேயே மஞ்சள் காய்ச்சலும் வந்தது. 1647-ல் பார்படோஸ் தீவில் தொடங்கிய கொள்ளைநோய் முதலாக, கரீபியன் துறைமுகங்களில் அந்நோய் வாங்கிய உயிர்கள் கணக்கற்றவை. கெட்ட காற்றே காரணம் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், கொசுதான் காரணம் என்று 1881-ல் எடுத்துச் சொன்னவர் கியூபா நாட்டு வைத்தியர் கார்லோஸ் ஃபின்லே. ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் அவர் சொல்லை மதிப்பாரில்லை. 1900-ல் வால்டர் ரீட் தலைமையில் ஹவானாவுக்கு வந்த அமெரிக்க ராணுவ வைத்தியக் குழு பரிசோதித்து உறுதி செய்த பின்னரே அது நிலைபெற்றது. ஒரு மனிதரின் நுண்ணிய கவனிப்பை அலட்சியம் செய்ததற்கு எத்தனை குடும்பங்கள் விலை கொடுத்தன என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

கொசு அங்கேயே இருந்தது. புதிய வைரஸ்கள்தாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 2013 டிசம்பரில் செயின்ட் மார்ட்டின் தீவில் சிக்குன்குனியா பரவத் தொடங்கி, அடுத்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்கக் கண்டம் முழுவதும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு அந்நோய் கண்டிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. 2015-ல் பிரேசிலில் ஜிகா பரவியது. தலை சிறுத்துப் பிறந்த சிசுக்களைக் கண்டு உலகம் அதிர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 2016 பிப்ரவரி 1 அன்று சர்வதேச அவசரநிலையை அறிவித்து, அவ்வருஷம் நவம்பர் 18 அன்று விலக்கிக்கொண்டது. அவசரநிலைதான் நீங்கிற்றே ஒழிய, வைரஸ் நீங்கிவிடவில்லை.

அபாயம் கப்பலிலா, கரையிலா?

நடுக்கடலில் இந்தக் கொசுவால் ஆபத்து இல்லை என்றே சொல்லலாம். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு அப்பால் அது பறந்து போவது அரிது. குளிரூட்டிய அறையும் மூடிய கதவும் அதற்கு ஒவ்வாதவை. ஆகவே, ஏழு நாள் பிரயாணத்தில் நம்மைக் கொசு கடிக்கக்கூடிய நேரம் கரையில் இறங்கி நடமாடும் சில மணி நேரமே. கப்பல் துறைமுகத்தில் கட்டியிருக்கும்போது பால்கனிக் கதவைத் திறந்து போட்டிருந்தால், அந்த நேரத்தையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தச் சில மணி நேரத்தின் தன்மையை உற்று நோக்க வேண்டும். கப்பல்கள் பெரும்பாலும் காலை எட்டு மணி சுமாருக்குக் கரையை அடைந்து மாலை ஐந்து மணி சுமாருக்குப் புறப்படுகின்றன. ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது; சூரியோதயத்துக்குப் பிந்திய இரண்டு மணி நேரமும், அஸ்தமனத்துக்கு முந்திய சில மணி நேரமும் அது மிகுந்த சுறுசுறுப்போடு இரை தேடும் வேளைகள். இராக்கொசுவுக்குப் பயந்து மாலையில் ஜன்னலைச் சாத்திப் பழகிய நமக்கு, வெயில் நன்றாக அடிக்கும்போது கொசு கடிக்கும் என்பது சட்டென்று மனத்தில் பதிவதில்லை.

கொஸூமெல் தீவிலோ ஜமைக்காவின் ஓச்சோ ரியோஸிலோ கரையிறங்கிய பிரயாணி ஒருவர் ஓலைக்கூரை வேய்ந்த சிற்றுண்டிச் சாலையில், மேஜைக்கு அடியில் செருப்பணிந்த கால்களை நீட்டி உட்கார்ந்து இளநீர் பருகிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொல்லைப்புறத்தில் குவிந்த மட்டைகளிலும், பூந்தொட்டிக்குக் கீழே வைத்த தட்டிலும், எறிந்த ஞெகிழிக் குவளையிலும் தேங்கிய மழைநீர் இரண்டு விரற்கடை நிற்கிறது. அந்த நீரே போதும். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும், அவ்வளவுதான். கறுத்த உடலும் வெண்வளையமிட்ட கால்களும் உடைய அக்கொசு ரீங்காரம் காட்டாமல் மேஜையின் நிழலில் வந்து, கணுக்காலின் பின்புறத்தில் அமர்கிறது. சிறிது அசைந்தால் எழுந்து பறந்து மறுபடி அதே இடத்தையோ, பக்கத்தில் இருப்பவரின் காலையோ நாடுகிறது. ஒரே கொசு ஒரே குடும்பத்தில் பலரைக் கடிப்பது இப்படித்தான்.

தீவுகளில் மட்டுமே இது நேரும் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2016 கோடையில் மியாமி நகரத்தின் வின்வுட் பகுதியிலேயே உள்ளூர்க் கொசுக்கள் ஜிகாவைப் பரப்பின. கர்ப்பிணிகள் அப்பகுதிக்குப் போகவேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் தன் சொந்த நாட்டு நகரம் ஒன்றைக் குறித்தே எச்சரிக்க நேர்ந்தது.

யார் போகிறார் என்பதே முதற் கேள்வி

ஜிகா தொற்றியவர்களில் ஐவரில் நால்வருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை; எஞ்சியவர்க்கும் இலேசான காய்ச்சல், தடிப்பு, கண் சிவத்தல் என்று சில நாளில் மறைந்துவிடும். கருவிலிருக்கும் சிசுவுக்கோ அது பேராபத்து. கர்ப்பகாலத்தில் ஜிகா தொற்றிய தாய்மார்க்குப் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 வரையினரிடம் அந்நோயின் விளைவுகள் காணப்படுகின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. தடுப்பூசி இல்லை; மருந்தும் இல்லை.

கப்பல் நிறுவனங்களின் விதி ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். கர்ப்பம் 24 வாரத்தை எட்டியவர்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றிக்கொள்வதில்லை. நடுக்கடலில் குறைப்பிரசவம் நேர்ந்தால் சமாளிக்க முடியாது என்பதே அதன் காரணம். அது நியாயமான காரணமும்கூட. ஆனால் அதைப் படிக்கும் இளம் தம்பதியர், 24 வாரத்துக்குள் போவது பத்திரம் என்று அர்த்தம் செய்துகொள்கிறார்கள். ஜிகா சிசுவை மிகக் கடுமையாகத் தாக்குவது கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில். நிறுவனத்தின் விதி எந்த மாதங்களில் கதவைத் திறந்து விடுகிறதோ, அந்த மாதங்களிலேயே இவ்வைரஸின் அபாயம் அதிகம். ஜிகா பரவிக்கொண்டிருப்பதாக அறிவித்த தீவு எதுவும் பிரயாணத் திட்டத்தில் இருந்தால் கர்ப்பிணிகள் அந்தப் பிரயாணத்தைத் தள்ளிப்போடுவதே உசிதம் என்பது என் உறுதியான கருத்து. 2016 தொடக்கத்தில் பெரிய நிறுவனங்கள் கர்ப்பிணிகளுக்கு வேறு தேதிக்கோ வேறு மார்க்கத்துக்கோ மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தன. அத்தகைய சலுகை உண்டா என்று பணம் கட்டுமுன் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஜிகா தாம்பத்திய உறவின் மூலமும் பரவக்கூடியது. ஆகவே, குழந்தைக்குத் திட்டமிடுவோர் அத்தகைய பிரதேசத்திலிருந்து திரும்பிய பின், பெண் மட்டும் போய்வந்திருந்தால் இரண்டு மாதமும், கணவரும் போய்வந்திருந்தால் மூன்று மாதமும் பொறுத்திருக்க வேண்டும். மனைவி ஏற்கனவே கர்ப்பவதியாய் இருந்து கணவர் மட்டும் போய்வந்தாலோ, பிரசவம் வரை ஆணுறையோ விலகியிருத்தலோ அவசியம்.

டெங்குவில் நம்மவர்க்கு விசேஷமான கவலை ஒன்று உண்டு. அந்த வைரஸில் நான்கு வகைகள் இருக்கின்றன. ஒரு வகையால் முன்பு காய்ச்சல் கண்டவரை வேறொரு வகை பின்னர் தொற்றும்போது நோய் கடுமையாவதற்கான சாத்தியம் அதிகம். சென்னையிலோ மதுரையிலோ ஒருமுறை டெங்கு வந்து பிழைத்தவர், அதனால் தமக்கு அரண் ஏற்பட்டுவிட்டதென்று எண்ணக்கூடாது. மற்றவரைவிட அவரே கூடுதல் ஜாக்கிரதையாய் இருக்கக் கடமைப்பட்டவர். முதியவர்க்குச் சிக்குன்குனியாவின் மூட்டுவலி மாதக்கணக்கில் நின்று துன்புறுத்தும். இதை நம் வீடுகளில் கண்டவர்க்கு விவரிக்க வேண்டியதில்லை.

மாதமும் மார்க்கமும்

கரீபியன் தீவுகளில் பெரும்பாலானவற்றில் மழைக்காலம் ஏறத்தாழ ஜூன் முதல் நவம்பர் வரை. கொசு பெருகும் காலமும் அதுவே. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம் என்பதால், கட்டணம் கூடுதலாக இருந்தாலும் அப்போது போவது மேல். அரூபா, குராசோ முதலிய தென்தீவுகளில் மட்டும் அக்டோபர் முதல் ஜனவரி வரை மழை. ஆயினும் மாதத்தை மட்டும் நம்பிவிட முடியாது. 2024-ல் போர்ட்டோ ரிக்கோவில் மார்ச் மாதத்திலேயே, வறண்ட காலம் முடியுமுன், டெங்குவுக்காகப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்க நேர்ந்தது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் நாடுவாரியாக வெளியிடும் பயண எச்சரிக்கைகளை, பணம் கட்டுமுன் ஒருமுறையும் புறப்படுமுன் ஒருமுறையும் பார்ப்பது அவசியம்.

மார்க்கத்தில் டிரினிடாட், பனாமா, கொலம்பியா, பிரேசில் போன்றவை இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். அந்நாடுகளிலிருந்து சான்றிதழ் இன்றி 6 நாட்களுக்குள் இந்தியா திரும்புவோரை இங்கே தனிமைப்படுத்தி வைக்க விதி உண்டு. ஊசி போட்டுக்கொண்ட 10 நாளுக்குப் பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். ஒருமுறை பெற்றது ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இதைப் போட்டுக்கொள்ளலாம். அறுபது வயதைக் கடந்தவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கலந்த பிறகே முடிவு செய்யவேண்டும், ஏனெனில் இது உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. தள்ளிப்போட முடியாத விடுமுறையும் கர்ப்பமும் ஒருங்கே அமைந்துவிட்டவர்களுக்கு அலாஸ்கா, நார்வே போன்ற குளிர்ப்பிரதேச மார்க்கங்கள் உள்ளன. அங்கும் கொசு உண்டு, இந்த வைரஸ்கள் இல்லை.

கரையிறங்கும் நாளில்

கொசுவிரட்டியில் என்ன மருந்து சேர்ந்திருக்கிறது, எத்தனை சதவீதம் என்று பார்த்து வாங்க வேண்டும். டீட் 20 முதல் 30 சதவீதம் வரையிலோ, பிகாரிடின் 20 சதவீதமோ இருந்தால் கரையில் கழியும் பொழுதின் பெரும்பகுதிக்குப் போதும். நீந்தியெழுந்தாலும் வியர்வை வழிந்தாலும் மறுபடி பூச வேண்டும். வெயிற்களிம்பை முதலில் பூசி, அது உலர்ந்த பிறகு விரட்டியைப் பூசுவதே முறை. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எதையும் பூசலாகாது; தள்ளுவண்டியின் மேல் வலையைப் போர்த்துவதே வழி. எலுமிச்சை யூகலிப்டஸ் தைலம் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்க்கே உரியது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் டீட், பிகாரிடின் இரண்டையும் பயன்படுத்தலாம்.

மெல்லிய பருத்தியில் முழுக்கைச் சட்டையும், கணுக்காலை மூடும் கால்சட்டையும், காலுறையும் அணிந்தால் பாதி வேலை முடிந்தது. பெர்மெத்ரின் தெளித்த உடை இன்னும் நல்லது. அந்த மருந்தை ஆடையில் தெளிக்கலாமே தவிர, தேகத்தில் படவிடக்கூடாது.

ஊர் திரும்பிய பின்

கொசு கடித்தது முதல் காய்ச்சல் காணும் வரை டெங்குவுக்கு 4 முதல் 10 நாளும், சிக்குன்குனியாவுக்குப் பெரும்பாலும் 3 முதல் 7 நாளும், ஜிகாவுக்கு 3 முதல் 14 நாளும் ஆகலாம். பிரயாணமோ ஏழு இரவு. ஆகவே, மூன்றாம் நாள் கடித்த கொசுவின் விளைவு பெரும்பாலும் வீட்டுக்கு வந்து, பெட்டியைப் பிரித்து, அலுவலகம் போகத் தொடங்கிய பிறகே வெளிப்படுகிறது. அப்போது வைத்தியரிடம் எந்தத் தீவில், எந்தத் தேதியில் இறங்கினோம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். குளிர்நாட்டு வைத்தியருக்கு அது சொல்லாமல் தோன்றாது. டெங்கு அன்று என்று தெளிவாகும் வரை ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் விலக்கத்தக்கவை, ரத்தக்கசிவுக்கு அவை வழி செய்யும், பாரசிட்டமால் போதும். காய்ச்சல் தணிந்த அன்று நோய் தீர்ந்ததென்று எழுந்து நடமாடுவது டெங்குவில் மிகவும் அபாயகரமானது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுகடந்த சோர்வு ஆகியவை தலைகாட்டுவது பெரும்பாலும் அந்த ஒன்றிரண்டு நாட்களில்தான். அவற்றுள் ஒன்று கண்டாலும் அக்கணமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நமக்கு நோய் வராவிட்டாலும், நம் ரத்தத்தில் வைரஸ் இருந்து நம் தெருக்கொசு அதைக் குடித்தால் அயலார்க்கு வரும். 2007-ல் இத்தாலியின் வடகிழக்குச் சிற்றூர்களில் இருநூற்றுக்கு மேற்பட்டோருக்குச் சிக்குன்குனியா பரவியது. கேரளத்திலிருந்து உறவினரைப் பார்க்க வந்த ஒருவரிடமிருந்து அது தொடங்கியதென்று ஆராய்ச்சியில் தெரியவந்தது. அந்தப் பிரயாணியின் மேல் குற்றம் ஏதும் இல்லை, அறியாமல் நேர்ந்தது. அறிந்த நாம், கரீபியன் தீவுகளிலிருந்து திரும்பிய பின் மூன்று வாரம், உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும், வீட்டிலும் பகல்வேளையில் விரட்டி பூசிக்கொண்டு கொசுக்கடியைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணியோ கைக்குழந்தையோ உள்ள வீடாயின் இதில் ஒரு நாளும் தவறக்கூடாது.