காலி அண்டாவை ஏன் சுட வேண்டும்?

பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலை வழியாகக் கிரிவலம் போகிறவர்கள் அன்னதானச் சமையலைப் பார்த்திருப்பார்கள். பெரிய அண்டாவில் உலை வைத்ததும் கட்டை விறகைத் திணித்துத் தீயை ஏற்றுவார்கள். அப்போது விறகுச் செலவை யாரும் பார்ப்பதில்லை; உலை கொதித்தாக வேண்டும். அரிசி வெந்து வரும்போது விறகை இழுத்துவிட்டுத் தணலில் தம் போடுவார்கள். அடியில் நாலு கரண்டி சாம்பார் மிஞ்சினால், அதைச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றித்தான் சூடு பண்ணுவார்கள். அண்டாவோடு ஏற்றினால் தீயெல்லாம் அண்டாவைச் சுடவே போய்விடும்.

பல அடுக்கு ராக்கெட் இந்த இரண்டு பழக்கத்தையும் கைக்கொள்கிறது.

முதலில் காலி அண்டா. ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்ற ராக்கெட் கட்டும் கணினி விளையாட்டுக்கு வருகிறவர்கள் பலரும் ஒரே பெரிய டேங்கை நிறுத்தி, போதவில்லையென்றால் இன்னொரு டேங்கைச் சேர்ப்பார்கள். நிஜ பூமிக் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். எஞ்சினிலிருந்து வாயு சீறும் வேகம் நொடிக்கு 3 கி.மீ., நமக்கு வேண்டிய வேகம் 9 கி.மீ. என்க. ரஷ்ய அறிஞர் சியால்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டின்படி, 100 டன்னில் கிளம்பினால் எரிபொருள் தீரும்போது 5 டன்தான் மிஞ்சும். டேங்கும் எஞ்சினும் எடையில் பத்தில் ஒரு பங்கு என்றால் அவையே 10 டன். ஒரே அடுக்கில் நடக்காது. இரண்டு அடுக்காக்கி, காலியானதைக் கழற்றிவிட்டால் சுமார் 1.9 டன் சரக்கு மேலே போய்ச் சேரும். எஞ்சினின் தரத்தில் எந்த மாற்றமும் இல்லை!

அடுத்தது தீ. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3-ஐ ஏற்றிச் சென்ற எல்.வி.எம்.3 ராக்கெட்டின் எடை சுமார் 640 டன். அதன் இரண்டு எஸ்-200 பூஸ்டர்களும் தலைக்கு 200 டன்னுக்கு மேல் திட எரிபொருளை இரண்டே நிமிடத்தில் எரித்துத் தீர்க்கும். சிக்கனத்தைக் காட்டும் ஐ.எஸ்.பி. எண் அவற்றுக்கு 275-ஐ ஒட்டித்தான். விறகைப் போல நடுவில் இழுக்கவும் முடியாது, பற்றினால் பற்றியதுதான். பிறகு நடு அடுக்கின் விகாஸ் எஞ்சின்கள். உச்சியில் திரவ ஹைட்ரஜனை எரிக்கும் சி.இ.-20, அதன் ஐ.எஸ்.பி. 440-க்கு மேல், பத்து நிமிடத்துக்கும் மேல் நிதானமாக எரியும். ஆனால் அதன் உந்துவிசை 20 டன் அளவுதான். தரையில் வைத்தால் ராக்கெட் அசையவே அசையாது.

விளையாட்டில் டெரியர் எஞ்சினுக்கும் இதே குணம்: வெற்றிடத்தில் ஐ.எஸ்.பி. 345, கடல் மட்டத்தில் வெறும் 85. அதை அடியில் மாட்டாதீர்கள். அடி அடுக்கில் உந்துவிசை எடையைப் போல ஒன்றேகால் மடங்காவது இருக்கட்டும்.

சந்திரயான்-3-இன் எடை 3,900 கிலோ. அதாவது உச்சியில் உள்ள ஒவ்வொரு கிலோவுக்கும் தரையில் 160 கிலோவுக்கு மேல் நிற்கிறது. ஆகவே உச்சியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிக் கட்டுங்கள். ராக்கெட் எட்டவில்லையென்றால் அடியில் பூஸ்டர் சேர்க்கும் முன், மேலே எதைக் கழற்றலாம் என்று பாருங்கள்.