ஊற்றைத் தேடி வரும் கடற்பசுக்கள்

குளிர் வந்தால் பறவைகள் இடம்பெயர்வதை நாம் அறிவோம். தண்ணீரில் வாழும் ஒரு பெரிய விலங்கும் குளிருக்கு அஞ்சி இடம்பெயர்கின்றது. அதன் பெயர் மனாட்டி. நம் மன்னார்க் கடலில் வாழும் ஆவுளியாவுக்கு இது உறவு. ஆவுளியாவின் வால் இரண்டாகப் பிளந்திருக்கும். மனாட்டியின் வாலோ அகப்பை போல வட்டமானது. இரண்டுமே நீர்ப்புல் தின்று வாழ்பவை. எவருக்கும் தீங்கு செய்யாதவை.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வசிக்கும் என் அக்காவிடம் போயிருந்த சமயம், ஒரு தை மாதக் காலையில் ஒறேஞ் சிற்றி என்ற ஊரிலுள்ள புளூ ஸ்பிறிங் பூங்காவுக்குச் சென்றோம். அங்கே நிலத்தடியிலிருந்து பொங்கும் ஊற்று ஓர் ஓடையாகிச் சென்ற் ஜோன்ஸ் ஆற்றில் கலக்கின்றது. நமது கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் போல அந்த நீர் சுடுவதில்லை. ஆழத்திலிருந்து வருவதால் வருடம் முழுவதும் ஏறக்குறைய 22 பாகை செல்சியசில் இருக்கும். ஆற்று நீர் 20 பாகைக்குக் கீழே இறங்கி நாட்கணக்கில் நின்றால் மனாட்டிகள் நோயுற்று இறக்கும். உடல் பருத்திருந்தாலும் குளிரைத் தாங்கும் கொழுப்பு அவற்றுக்குக் குறைவு. அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் அவற்றின் உயிர் தங்கியிருக்கின்றது.

மரப்பலகை நடைபாதையில் நின்று பார்த்தோம். நீரின் மேல் ஆவி எழுந்துகொண்டிருந்தது. கண்ணாடி போன்ற ஓடையின் அடியில் சாம்பல் நிற உடல்கள் நெருக்கமாகக் கிடந்தன. வளர்ந்த ஒன்று 3 மீற்றர் நீளமும் 450 கிலோ அளவு நிறையும் கொண்டது. சில நிமிடங்களுக்கு ஒரு தடவை மூக்கு மட்டும் மேலே வரும். 'புஸ்' என்று ஒரு மூச்சு. பிறகு மீண்டும் அடியில். ஒரு தாய் அசையாமல் கிடந்து குட்டிக்குப் பால் கொடுத்தது. முலைக்காம்பு முன்துடுப்பின் அடியில், கமக்கட்டில் இருக்கிறது. அக்காவும் நானும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

அந்தத் தாயின் முதுகில் வரிசையாக வெள்ளைத் தழும்புகள். இயந்திரப் படகின் விசிறி வெட்டிய காயங்கள் அவை. வளர்ந்த மனாட்டிகளில் பெரும்பாலானவை இப்படித் தழும்போடுதான் வாழ்கின்றன. ஆய்வாளர்கள் அந்தத் தழும்புகளை வரைந்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு அடையாளம் காண்கிறார்கள். வெய்ன் ஹார்ட்லி என்பவர் பல பத்தாண்டுகளாகச் சிறு வள்ளத்தில் சென்று அவற்றை எண்ணியிருக்கிறார். எது வந்தது, எதனோடு குட்டி வந்தது, எது வரவில்லை என்று எழுதி வைக்கிறார்கள்.

சகோதரிகளே, உடம்பில் தழும்புள்ள நம்மில் பலர் அதை மறைத்தே உடுத்துகிறோம். அங்கே தழும்புதான் அடையாள அட்டை. வராமற்போனவையும் கணக்கில் இருக்கின்றன.

எண்ணியதால் பயன் உண்டாயிற்று. 1970இல் இந்த ஊற்றில் காணப்பட்டவை 14 மட்டுமே. 1972இல் மாநில அரசு அந்த நிலத்தை வாங்கியது. குளிர்காலத்தில் ஓடைக்குள் படகுகளும் நீந்துவோரும் நுழையத் தடை வந்தது. 2024 ஜனவரி 21ஆம் திகதி ஒரே நாளில் 932 மனாட்டிகள் எண்ணப்பட்டன.

ஆனால் கதகதப்பு மட்டும் போதாது. 2021ஆம் ஆண்டில் புளோரிடாவில் சுமார் 1,100 மனாட்டிகள் இறந்தன. கிழக்குக் கரையிலுள்ள இந்தியன் றிவர் களப்பு மாசடைந்து, கடற்புல் அழிந்ததே முக்கிய காரணம். வெதுவெதுப்பான நீர் தேடி அங்கே கூடியவை பட்டினியால் மாண்டன. அடுத்த குளிர்காலத்தில் அரசே லெற்றியூஸ் கீரை கொடுத்துக் காப்பாற்ற முயன்றது.

புளூ ஸ்பிறிங் ஓடையிலும் தீன் போதாது. வெயில் ஏறியதும் அவை குளிர்ந்த ஆற்றுக்குப் போய்ப் புல் தின்று திரும்புகின்றன. பால் கொடுக்கும் தாய்க்கும் வேறு வழியில்லை. குட்டி பக்கத்திலேயே நீந்திப் போகும். ஏறக்குறைய இரண்டு வருடம் தாயோடு திரிந்து, புல் எங்கே, ஊற்று எங்கே என்று அது பழகிக்கொள்கின்றது. பிறகொரு குளிர்காலத்தில், தாய் கூட வராவிட்டாலும், ஊற்றுக்குப் போகும் வழி அதற்குத் தெரிந்திருக்கும்.